வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு வேளை பால் கொடுப்பதை உட்கார்ந்து பாருங்கள்: பேறுகால வார்டுக்கு ஒரு திறந்த மடல்

பேறுகால வார்டுகளில் வேலை பார்க்கும் சிஸ்டர்களுக்கும் டாக்டர்களுக்கும், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேர் போதும் என்று முடிவு செய்கிற நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இரண்டு பிள்ளை பெற்று இரண்டுக்கும் பால் கொடுத்தவள். முதல் பிள்ளைக்குக் கொடுக்கத் தெரியாமல் திண்டாடினேன், இரண்டாவதுக்கு ஓரளவு தெரிந்து கொடுத்தேன், நடுவில் இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பால் கொடுக்கச் சிரமப்பட்ட எத்தனையோ அம்மாக்களோடு உட்கார்ந்து பேசினேன். அத்தனைக்கும் பிறகு உங்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், பிள்ளை மார்பில் வாய் வைக்கிற நேரத்திலிருந்து தானாக விடுகிற வரைக்கும், ஒரே ஒரு வேளை, உங்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள்.

இதைத்தான் ஏற்கெனவே செய்கிறோமே என்று உங்களில் சிலர் சொல்லலாம். செய்கிறவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் எனக்கு நடந்தது வேறு, என்னோடு பேசிய பெரும்பாலான அம்மாக்களுக்கு நடந்ததும் வேறு.

முதல் பிரசவத்தில் மூன்று நாள் வார்டில் இருந்தேன். அந்த மூன்று நாளும் "பாப்பா பால் குடிக்குதா?" என்று என்னிடம் கேட்காதவர் கிடையாது. பிரஷர் பார்க்க வந்தவர் கேட்டார், மாத்திரை கொடுக்க வந்தவர் கேட்டார், ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி கேட்டார். எல்லாருக்கும் "குடிக்குது" என்றுதான் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. பிள்ளையின் வாய் மார்பில் இருந்தது, கன்னம் அசைந்தது, கொஞ்ச நேரத்தில் தூங்கிப் போனாள். முதல் பிள்ளைக்காரி அதைப் பார்த்துக் குடிக்கிறது என்றுதானே நினைப்பாள்? அவள் காம்பின் நுனியை மட்டும் பிடித்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள் என்பதும், சப்புவது வேறு விழுங்குவது வேறு என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டில் தாய்ப்பால் என்ற இடத்துக்கு எதிரே ஒரு டிக் போட்டு அனுப்பி வைத்தார்கள்.

நாலாம் நாள் இரண்டு காம்பிலும் வெடிப்பு. ஐந்தாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளை அழுது வாயைத் திறந்தாலே எனக்குக் குலை நடுங்கும். கால் விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பேன். அவள் விட்ட பிறகு பார்த்தால் காம்பு ஒரு பக்கம் நசுங்கி, புது லிப்ஸ்டிக்கின் நுனி போலச் சரிந்து, ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருக்கும். பிடிப்பு சரியில்லை என்று அந்தக் கோடு ஒவ்வொரு வேளையும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. பிறந்தபோது 3,100 கிராம் இருந்தவள் ஆறாம் நாள் 2,760 கிராம். முதல் சில நாளில் பிள்ளைகள் எடை குறைவது சகஜம்தான், ஆனால் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உடனே கவனிக்க வேண்டும். அவள் தாண்டியிருந்தாள்.

அன்றைக்கு ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்தார். கையைக் கழுவினார், நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், "எப்பவும் எப்படிக் கொடுப்பியோ அப்படியே கொடும்மா, நான் பாக்கிறேன்" என்றார். அப்புறம் ஐந்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தை மட்டும் மார்புப் பக்கம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்தவர் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "தலையைத் தோள் பக்கம் நல்லாத் திருப்பிக்கிட்டு ஒரு மடக்குக் குடிச்சுப் பாரு." குடித்துப் பார்த்தேன். தொண்டையில் சிக்கிக்கொண்டு இறங்கவே இல்லை. "அவளுக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அதற்கப்புறம் அவர் செய்ததை நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒன்றுகூடப் பெரிய வித்தை இல்லை, மருந்து இல்லை, கருவி இல்லை. முதலில், பிள்ளையை அப்படியே இழுத்து எடுக்காமல், என் சுண்டுவிரலை அவள் கடைவாய் ஓரமாக ஈறுகளுக்கு நடுவில் விட்டு, உறிஞ்சுகிற பிடியைத் தளர்த்தி எடுக்கச் சொன்னார். அப்புறம் என் கையாலேயே பிள்ளையை முழுசாக என் பக்கம் திருப்ப வைத்தார், அவள் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி, காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் வரும்படி. என் உள்ளங்கை அவள் தோள்பட்டைகளுக்கு நடுவில், கட்டைவிரலும் சுட்டுவிரலும் காதுகளுக்குக் கீழே கழுத்தைத் தாங்கிக்கொண்டு. பின்மண்டையில் விரல் படவே கூடாது என்றார், அங்கே அழுத்தினால் பிள்ளை தலையைப் பின்னால் தள்ளும், அது அவள் கோபமோ பிடிவாதமோ இல்லை, உடம்பின் இயல்பு. இடுப்பை என் பக்கம் சேர்த்து அணைத்ததும், அதுவரை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளை நிலையாக நின்றாள்.

அடுத்தது மூக்கு. நான் எப்போதும் காம்பை வாய்க்கு நேரே கொண்டுபோய் உள்ளே திணித்துவிடுவேன். அவர் பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி இன்னும் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார். காம்பு மேலுதட்டில் லேசாக உரசியது. பிள்ளை வாயைக் கொஞ்சம் திறந்தாள். நான் அவசரமாக நெருக்கப் போனேன். "பொறு" என்றார். மறுபடியும் திறந்தாள். "இன்னும் இல்லை." மூன்றாவது தடவை அவள் தலையைப் பின்னால் சாய்த்து, பெரிய கொட்டாவி விடுகிற மாதிரி வாயை அகலத் திறந்தாள், நாக்கு கீழே தட்டையாக இருந்தது. "இப்ப!" தோளைத் தாங்கிய கையால் அவளை என்னிடம் சேர்த்தேன், மார்பை அவளிடம் கொண்டுபோகவில்லை, அவளை மார்புக்குக் கொண்டுவந்தேன். தாடை முதலில் வந்து மார்பின் அடிப்பக்கம் பதிந்தது, கீழுதடு காம்பிலிருந்து நன்றாகத் தள்ளி அமர்ந்தது, மேலுதடு கடைசியாகக் காம்பைத் தாண்டி மூடியது.

முதல் சில விநாடி ஒரு இழுப்பு இருந்தது. அப்புறம் வலி இல்லை. வெடிப்பு இருந்த இடத்தில் எரிச்சல் இருந்ததே தவிர, அந்த நசுக்குகிற வலி போயே போய்விட்டது. முதலில் சின்னச் சின்னதாக, வேகவேகமாகச் சப்பினாள். பிறகு வேகம் குறைந்தது. தாடை கீழே இறங்கியது, ஒரு கணம் நின்றது, தொண்டையில் மெல்ல ஒரு சத்தம், மூச்சு வெளியே விடுகிற மாதிரி. அதுதான் விழுங்குகிற சத்தம். பிறந்து ஆறு நாளாகி அன்றுதான் என் மகள் விழுங்குகிற சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டேன்.

அன்றைக்கே அவர் குழந்தை டாக்டரிடம் காட்டச் சொன்னார், காட்டினோம். எடை ஏறுகிறவரை ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கறந்து கரண்டியால் புகட்டச் சொன்னார்கள், புகட்டினோம். பதினாறாம் நாள் பிறந்த எடைக்குத் திரும்பினாள். அந்தச் செவிலியர் என்னோடு இருந்தது மொத்தம் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷம் வார்டில் இரண்டாம் நாளே எனக்குக் கிடைத்திருந்தால் வெடிப்பும் இல்லை, அந்த எடைக் குறைவும் இல்லை, விடிய விடிய நான் அழுததும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், "பால் குடிக்குதா?" என்ற கேள்வியைத் தாயிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அது நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில். நாலு விஷயம் பார்க்க உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, தாடை மார்பில் படுகிறதா, காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம் அதிகமாகத் தெரிகிறதா. கன்னத்தில் குழி விழுந்தாலோ, நாக்கு சொடுக்குகிற மாதிரிச் சத்தம் வந்தாலோ சரியில்லை. ஆனால் இந்த நாலையும் முதல் நிமிஷத்தில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நல்லாப் பிடித்த பிள்ளை நாலாம் நிமிஷத்தில் வழுக்கிக் காம்பு நுனிக்கு வந்துவிடும், தாயின் கை சோர்ந்து இறங்கும்போது பிள்ளையும் கூடவே இறங்கும். கடைசியில், பிள்ளை விட்டவுடனே காம்பைப் பாருங்கள். உருண்டையாக, வாய்க்குள் போகும்போது இருந்த மாதிரியே, கொஞ்சம் நீண்டு வெளியே வந்தால் சரி. நசுங்கி வந்தால் மற்ற நாலும் சரியாகத் தெரிந்தாலும் ஏதோ இடிக்கிறது. முழு வேளையும் இருந்தவர்களுக்குத்தான் அதைப் பார்க்கக் கிடைக்கும்.

ஏன் நசுங்குகிறது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் நாக்கை அண்ணத்தில் வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போங்கள், முன்பக்கம் எலும்பு, கெட்டியாக இருக்கும், ஒரு இடத்துக்கு அப்புறம் மெத்தென்று ஆகும். மார்பு வாய் நிறையப் போனால் காம்பு அந்த மெத்தென்ற இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும், அங்கே அதை நசுக்க ஒன்றுமில்லை. நுனியை மட்டும் பிடித்தால் நாக்குக்கும் கெட்டி அண்ணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை அரைபடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், வார்டில் எல்லாரும் ஆறுதலாகச் சொன்ன "ஆரம்பத்தில் எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும், பழகிடும்" என்ற வார்த்தையின் மேல் எனக்குக் கோபம் வந்தது. நல்ல மனசோடுதான் சொன்னார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்டதால் நான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வலியைச் சொன்னால் பொறுமை இல்லாத தாய் என்று நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்தேன். ஆரம்பத்தில் சில விநாடி இழுப்பு, கொஞ்சம் கூச்சம், இதெல்லாம் வரும் போகும். அந்த வேளை முழுக்க வலித்தால், தோல் வெடித்தால், அது கூப்பிட்டுக் காட்ட வேண்டிய விஷயம். தயவுசெய்து "பழகிடும்" என்று சொல்லாதீர்கள், "வலிச்சா உடனே கூப்பிடுங்க, நான் வந்து பாக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

"உனக்குக் காம்பு சரியில்லை" என்பதையும் விட்டுவிடுங்கள். பிள்ளை குடிப்பது மார்பில், காம்பில் இல்லை. காம்பு தட்டையாக இருந்தாலும் உள்வாங்கி இருந்தாலும், வாய் நிறைய மார்பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் பெரும்பாலும் பிள்ளைகள் சமாளித்துவிடும், சிலதுக்கு நாள் கூட ஆகும், கூட உதவி வேண்டும். சில சமயம் காம்பு தட்டையாவதற்குக் காரணமே பிரசவத்தின்போது ஏற்றிய டிரிப்ஸால் வந்த வீக்கமாகவோ, பால் கட்டியதாகவோ இருக்கும். அமெரிக்கச் செவிலியர் ஜீன் கோட்டர்மன் சொல்லிக்கொடுத்த ஒரு முறை இருக்கிறது: காம்பைச் சுற்றிக் கருவட்டத்தின் மேல் விரல் நுனிகளை வைத்து, நெஞ்சுப் பக்கமாக மெதுவாக, விடாமல் ஒரு நிமிஷம் போல அழுத்தி எடுப்பது. வீக்கம் பின்னால் தள்ளப்பட்டு அந்த இடம் இளகும், பிள்ளைக்குப் பிடிக்க வாகாக வரும். எனக்கு ஐந்தாம் நாள் யாராவது இதைச் சொல்லியிருந்தால்!

அப்புறம், கையைப் பற்றி ஒரு விஷயம். சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். வார்டில் இரண்டாம் நாள் ராத்திரி நான் கூப்பிட்டபோது ஒருவர் வந்தார். ஒரு கையால் என் மார்பை இறுக்கிப் பிடித்தார், இன்னொரு கையால் பிள்ளையின் தலையைப் பிடித்து மார்பின் மேல் அழுத்தினார், பிள்ளை வீறிட்டாள், கொஞ்ச நேரத்தில் எப்படியோ வாய் வைத்தாள், "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு இன்னும் எத்தனையோ கட்டில். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் போனபிறகு, அடுத்த வேளைக்கு, என்னால் அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை, ஏனென்றால் செய்தது அவர் கை, என் கை இல்லை. தொடுவதற்கு முன்னால் கேளுங்கள். முடிந்தவரை தொடாமல், ஒரு பொம்மையை வைத்தோ உங்கள் முஷ்டியை மார்பு மாதிரி வைத்தோ காட்டுங்கள். வீட்டில் ராத்திரி மூன்று மணிக்கு எங்கள் கை மட்டும்தான் இருக்கும்.

பிள்ளைக்கும் இதில் பாதி வேலை தெரியும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பிறந்த உடனே தாயின் வெறும் நெஞ்சின் மேல் போட்டால் பிள்ளை தானாகவே நகர்ந்து போய் மார்பைத் தேடிப் பிடிக்கும் என்பதை 1987-இல் ஸ்வீடனில் ஆன்-மரி விட்ஸ்ட்ரோமும் அவருடைய சகாக்களும் பதிவு செய்தார்கள். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். அந்த முதல் மணி நேரத்தில் எடை பார்ப்பது, துடைப்பது, துணி சுற்றுவது என்று பிள்ளையை இங்கேயும் அங்கேயும் கொண்டுபோவதில் எது உடனே வேண்டும், எது காத்திருக்கலாம் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால் பெரும்பாலானது காத்திருக்கும். முதல் மணி நேரம் தவறிப்போனால் எல்லாம் போச்சு என்றும் இல்லை, நாலாம் நாள் ஆனாலும் நாற்பதாம் நாள் ஆனாலும் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொண்டால் அந்தத் தேடல் திரும்ப வரும். பசியின் முதல் குறி அழுகை இல்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது, நாக்கை நீட்டுவது, தலையைத் திருப்பித் தேடுவது, இதெல்லாம் முந்தி வரும். அழுகிற பிள்ளையின் நாக்கு மேலே தூக்கியிருக்கும், அந்த நேரத்தில் பிடிக்க வைப்பது பெரும்பாடு, முதலில் சமாதானப்படுத்தத்தான் வேண்டும்.

சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல் உதவி வேண்டும். தையல் மேல் பிள்ளை படாமல், ஒருக்களித்துப் படுத்தோ, பிள்ளையைக் கைக்கடியில் பக்கவாட்டில் வைத்தோ கொடுக்கலாம் என்று யாராவது காட்டினால்தான் தெரியும்.

"பால் வரலை" என்று முதல் நாளே பயப்படுகிற அம்மாவிடம் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். முதல் நாளில் ஒரு வேளைக்கு வருகிற சீம்பால் சில மில்லி மட்டும்தான், இரண்டிலிருந்து பத்து மில்லி, பிள்ளைக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் தேவை. பால் பெருகுவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் ஒரு ஹார்மோனின் அளவு குறைவதால் அது தன்னால் நடக்கும், ஆனால் அதற்கப்புறம் பால் எவ்வளவு ஊறும் என்பது எவ்வளவு வெளியே போகிறது என்பதைப் பொறுத்தது. பிடிப்பு சரியில்லாத பிள்ளை மணிக்கணக்கில் மார்பில் கிடந்தாலும் பால் வெளியே போகாது, வெளியே போகாவிட்டால் ஊறுவதும் குறையும், கடைசியில் தாய்க்குப் பால் இல்லை என்று பேர் வந்துவிடும். பிடிப்பைச் சரி பார்க்காமலேயே "பால் பத்தலை" என்ற தீர்ப்போடு எத்தனை பேர் வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இங்கே ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் கூடுதல் பால் தேவை என்று மருத்துவக் காரணம் இருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிள்ளை வயிறு காயக்கூடாது, அதில் எந்தக் கொள்கையும் குறுக்கே வரக்கூடாது. தாய் கறந்த பாலோ, அது போதாதபோது வேறு பாலோ, கரண்டியிலோ சின்னக் கிண்ணத்திலோ கொடுக்கலாம். ஆனால் கொடுக்கச் சொல்லும்போதே, கூடவே இரண்டு வார்த்தை சொல்லுங்கள்: மார்பை அந்த நேரத்தில் கறந்துகொண்டே இருக்க வேண்டும், பிடிப்பை இன்ன நேரத்தில் வந்து பார்க்கிறேன். அந்த இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் ஒரு வேளைக்குக் கொடுத்தது பழக்கமாகிவிடுகிறது. எப்படியும் மார்பில் கொடுக்க முடியாமல் போன அம்மாக்களும் இருக்கிறார்கள், கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் முகம் சுளிக்கக்கூடாது. நான் பேசுவது, கொடுக்க ஆசைப்பட்டு, உதவி கிடைக்காமல் நிறுத்தியவர்களைப் பற்றி.

இனி நிர்வாகத்தாருக்கு. சிஸ்டர்கள் உட்கார்ந்து பார்க்காததற்குக் காரணம் மனசில்லாமல் போனது இல்லை, நேரமில்லாமல் போனது. ராத்திரி ஷிஃப்டில் ஒருவர் இரண்டு வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் எந்தக் கட்டில் பக்கத்தில் இருபது நிமிஷம் உட்காருவார்? தாய்ப்பால் கொடுக்க மருத்துவமனைகள் எப்படி உதவ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் பத்துப் படிகளை வெளியிட்டன, 1991-இல் அதை வைத்துக் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் தொடங்கியது, 2018-இல் அந்தப் பத்தையும் திருத்தி எழுதினார்கள். திருத்தியதில் ஊழியர்களுக்குப் பால் கொடுக்க உதவும் அறிவும் திறமையும் இருக்க வேண்டும் என்பது ஒரு படி, தாய் பால் கொடுக்கத் தொடங்கவும் தொடரவும் வழக்கமாக வரும் சிக்கல்களைச் சமாளிக்கவும் துணை நிற்க வேண்டும் என்பது ஒரு படி, வீட்டுக்குப் போனபிறகும் உதவி கிடைக்கிற மாதிரி ஏற்பாடு செய்து அனுப்ப வேண்டும் என்பது ஒரு படி. வார்டின் சுவரில் அழகான போஸ்டர் ஒட்டியிருந்தது, தாய்ப்பாலின் நன்மைகள் என்று. அந்த நன்மைகள் எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும், தெரிந்ததால்தான் அழுதுகொண்டே கொடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஆள், ஒரு நாற்காலி, கொஞ்ச நேரம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் இதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவரையாவது போடுங்கள், முக்கியமாக ராத்திரியில், ஏனென்றால் பிள்ளைகள் ராத்திரியில்தான் அதிகம் கேட்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். பார்வையாளர்கள் சூழ்ந்து நிற்கிற நேரத்தில் யாராலும் நிம்மதியாகக் கொடுக்க முடியாது, ஒரு திரை போடுங்கள்.

என் இரண்டாவது பிரசவத்தில் எனக்கு அது கிடைத்தது. வேறு மருத்துவமனை. இரண்டாம் நாள் ராத்திரி, மகன் பிடிக்கிறான், வழுக்குகிறான், பிடிக்கிறான், வழுக்குகிறான். எனக்குத் தெரிந்த எதுவும் சரிவரவில்லை, முதல் பிள்ளையின் பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. பெல் அடித்தேன். வந்த சிஸ்டர் வயதில் என்னைவிடச் சின்னவர். திரையை இழுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கையில் ஏதோ குறித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க ரொம்ப முன்னாடி குனிஞ்சு இருக்கீங்க, முதுகை நல்லாச் சாச்சு உக்காருங்க" என்றார். முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தேன். பிள்ளையை என் நெஞ்சின் மேல் குப்புறப் போட வைத்தார், அவன் எடையை என் உடம்பே தாங்கியது, கைக்கு வேலையே இல்லை. மூக்கு மூச்சுவிடத் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சுசான் கோல்சன் என்ற மருத்துவச்சி இந்தச் சாய்ந்த நிலையைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவன் தலையை இரண்டு தடவை தூக்கித் தூக்கிப் போட்டான், தாடையை ஊன்றினான், வாயைத் திறந்து தானாகவே பிடித்தான். அந்தப் பெண் எழுந்து போகவில்லை. அவன் விடுகிற வரைக்கும் இருந்தார், விட்டதும் "காம்பைப் பாக்கட்டுமா அக்கா?" என்று கேட்டுப் பார்த்தார், குறித்துக்கொண்டார், போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது கொடுத்த சீட்டில் அந்தக் குறிப்பும் இருந்தது. தாய்ப்பால் என்ற இடத்துக்கு எதிரே டிக் இல்லை, கையால் எழுதியிருந்தார்கள். அதை இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் சீட்டிலும் அந்த இடத்தில் இப்படி எழுத ஒரு வரி இடம் விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், மாதிரிக்கு அதை அப்படியே கீழே தருகிறேன்.

"இரவு 2.10. இடது மார்பு, சாய்ந்த நிலை. 18 நிமிடம் முழுவதும் பார்த்தேன். விழுங்கும் சத்தம் கேட்டது. பிள்ளை தானாக விட்டது. காம்பு உருண்டை. தாய்க்கு வலி இல்லை."

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா